பகிர்ந்த சேவையகமும் வள எல்லைகளும்

வலைப்பக்கங்களை எச்.ரீ.எம்.எல். மொழியில் ஆக்கும் முறையை முன்னர் கற்றீர்கள். ஆக்கிய பக்கம் உங்கள் கணினியின் வன்தட்டில் மட்டும் இருந்தால் அதனைப் பிறர் பார்க்க முடியாது. இரவு பகலாக இணையத்துடன் தொடுக்கப்பட்டிருக்கும் சேவையகம் ஒன்றில் அதனை வைத்தல் வேண்டும். இவ்வாறு வலைத்தளங்களுக்கு இடமளிக்கும் சேவை ஹோஸ்டிங் (வலை விருந்தோம்பல்) எனப்படும். இந்த வரைவிலக்கணத்தை எழுதத் தெரிந்த மாணவர் பலர், நன்றாக இயங்கிய தளமொன்று கூட்டம் வந்த நாளில் மாத்திரம் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டால், "வைரஸ் தாக்கியிருக்கும்" என்றோ "இணைய வேகம் குறைவு" என்றோ எழுதிவிடுகின்றனர். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. அத்தளத்துக்கு ஒதுக்கப்பட்ட வளங்களுள் ஏதோ ஒன்று தீர்ந்திருக்கும். எது தீர்ந்தது என்று கண்டறிவதே இப்பாடத்தின் மையப் பொருளாகும்.

இது வெறும் பரீட்சைக்கான விடயமன்று. 2024 நவம்பர் இறுதியில் சீரற்ற காலநிலை காரணமாக க.பொ.த. உயர்தரப் பரீட்சை இடைநடுவில் ஒத்திவைக்கப்பட்டு, டிசம்பரிலேயே மீண்டும் தொடர்ந்தது. அத்தகைய நாளொன்றில் பாடசாலை தனது வலைத்தளத்தில் ஓர் அறிவித்தலை இடுகிறது என்று கொள்வோம். ஆண்டு முழுவதும் நாளுக்கு ஐம்பது பேர் பார்த்த தளத்தை அன்று ஒரே மணித்தியாலத்தில் ஆயிரக்கணக்கானோர் திறக்க முயல்வர். அறிவித்தல் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் தளம் விழும். மற்ற நாட்களில் யாரும் குறையே காணாத தளம் அது.

பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு பற்றிய குறிப்பைக் காணலாம். ஒரே கிணற்றிலிருந்து பல காணிக்காரர் முறை வைத்து நீர் இறைப்பர். தனித்தனியே கிணறு வெட்டுவதற்கான செலவு மிச்சம். ஆனால் ஒருவர் நாள் முழுவதும் நீரிறைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டால் மற்றவர்களின் பயிர் வாடும். ஆகவேதான் முறையும் பங்கும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன.

பகிர்ந்த ஹோஸ்டிங்கும் இத்தகையதே. ஒரே சேவையகத்தில் நூற்றுக்கணக்கான வலைத்தளங்கள் வைக்கப்படும். அவையெல்லாம் ஒரே மத்திய செயற்பாட்டு அலகையும், ஒரே பிரதான நினைவகத்தையும், ஒரே வன்தட்டையும், ஒரே இணைய இணைப்பையும் பயன்படுத்தும். செலவு பங்கிடப்படுவதால் கட்டணம் குறைவு. பாடசாலைகள், நூலகங்கள், சனசமூக நிலையங்கள், சிறு கடைகள் என்பன பெரும்பாலும் இம்முறையைத் தெரிவு செய்வதற்குக் காரணம் இதுவே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நூறு தளங்களுக்கும் ஒரே ஐ.பீ. முகவரி என்றால், வரும் வேண்டுகோள் எந்தத் தளத்துக்குரியது என்பதைச் சேவையகம் எவ்வாறு அறிகிறது? 1997 ஜனவரியில் வெளியிடப்பட்ட எச்.ரீ.ரீ.பி. 1.1 நெறிமுறை இதற்கு வழி செய்தது. இந்நெறிமுறைப்படி வலை மேலோடி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் ஹோஸ்ட் எனும் தலைப்பு வரி கட்டாயமாக இருத்தல் வேண்டும். அவ்வரியில் ஆள்களப் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஒரே வளவுக்குள் இருக்கும் பல வீடுகளுக்குக் கடிதம் வரும்போது தபாற்காரர் பெயரைப் பார்த்துக் கொடுப்பதைப் போன்றது இது. இவ்வசதி இல்லாதிருந்தால் மலிவான பகிர்ந்த ஹோஸ்டிங் இவ்வளவு பரவியிருக்காது.

தொடக்க காலத்தில் பங்குகளைக் கட்டுப்படுத்தும் வசதி போதியளவு இருக்கவில்லை. ஒரு தளம் அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் சேவையகம் முழுவதும் மந்தமாகும். அயல் தளங்களும் பாதிக்கப்படும். நிருவாகி அத்தளத்தை நிறுத்திவைப்பதைத் தவிர வேறு வழி குறைவு. 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸின் 2.6.24 பதிப்பில், கூகிள் பொறியியலாளர் தொடக்கிவைத்த கட்டுப்பாட்டுக் குழுக்கள் எனும் வசதி சேர்க்கப்பட்டது. முறைவழிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் எவ்வளவு வளத்தைப் பயன்படுத்தலாம் என்று எல்லை விதிக்க இது உதவுகிறது. பகிர்ந்த ஹோஸ்டிங்குக்கென்றே உருவாக்கப்பட்ட கிளவுட்லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமை 2010 இல் வெளிவந்தது. இதில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனித்தனி வேலிக்குள் இருப்பர். ஒருவர் தமது எல்லையைத் தாண்டினால் அவருடைய தளம் மாத்திரமே தடைப்படும். அயலவர் தப்புவர்.

எனவே எல்லை என்பதைத் தண்டனையாகக் கருத வேண்டாம். வேறொருவரின் தளத்தில் கூட்டம் கூடும் நாளில் உங்கள் தளத்தைக் காப்பதும் அதே வேலிதான்.

இடமும் கோப்பு எண்ணிக்கையும்

வளங்களுள் எளிதில் விளங்குவது சேமிப்பிடம். 5 ஜிகாபைட்டு தரப்பட்டால் அதற்குள் கோப்புகள், தரவுத்தளம், மின்னஞ்சல்கள் யாவும் அடங்க வேண்டும். பலர் மின்னஞ்சலை மறந்துவிடுகின்றனர். அதிபர் காரியாலய மின்னஞ்சற் பெட்டியில் நான்கு வருடக் கடிதங்கள் இணைப்புகளுடன் கிடந்தால், வலைத்தளத்தில் படமேற்ற இடமிருக்காது.

இடம் மிச்சமிருந்தும் புதிய கோப்பை ஏற்க முடியாத நிலையும் உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஐநோட் எனப்படும் ஒரு பதிவு தேவை. கோப்பு 1 கிலோபைட்டாயினும் 1 ஜிகாபைட்டாயினும் ஒரு பதிவுதான். ஹோஸ்டிங் நிறுவனங்கள் இப்பதிவுகளின் எண்ணிக்கைக்கும் எல்லை வைக்கும். பழைய தற்காலிகக் கோப்புகள், ஒரே படத்தின் பல அளவுப் பிரதிகள், அழிக்கப்படாத எரிதக் கடிதங்கள் என்பன சேர்ந்து இந்த எண்ணிக்கையை உயர்த்துகின்றன. "வரையறையற்ற சேமிப்பிடம்" என்று விளம்பரம் செய்யப்படும் பொதிகளிலும் இவ்வெல்லை இருக்கும். ஒப்பந்த நிபந்தனைகளை வாசித்தால் தெரியும். இடம் உண்மையிலேயே வரையறையற்றதாக இருக்க முடியாது என்பதை, வன்தட்டு என்ன என்று கற்ற மாணவர் எவரும் அறிவர்.

தரவுப் பரிமாற்ற அளவு

ஒரு மாதத்தில் சேவையகத்திலிருந்து வெளியே அனுப்பப்படும் மொத்தத் தரவுக்கு விதிக்கப்படும் எல்லையை ஹோஸ்டிங் நிறுவனங்கள் வழக்கமாகப் பட்டை அகலம் என்று குறிப்பிடும். இது சரியான பிரயோகமன்று. பட்டை அகலம் என்பது ஒரு செக்கனில் அனுப்பக்கூடிய உச்ச அளவாகும். மாதாந்த மொத்தத்தைத் தரவுப் பரிமாற்ற அளவு என்பதே பொருத்தம். குழாயின் பருமன் வேறு, மாதத்தில் ஓடிய நீரின் அளவு வேறு. விடை எழுதும்போது இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இதனைக் கணிக்கும் வழி நேரானது. ஒரு பக்கத்தின் அளவு, பார்வைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் பெருக்குதல் வேண்டும். ஆனால் மாத எல்லை எவ்வாறு அமுல்படுத்தப்படுகிறது என்பதும் முக்கியமானது. இதற்கு ஜியோசிற்றீஸ் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1994 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டு 1999 இல் யாகூ நிறுவனத்தால் வாங்கப்பட்ட இவ்விலவச ஹோஸ்டிங் சேவையில் இலட்சக்கணக்கானோர் தமது முதலாவது வலைத்தளத்தை அமைத்தனர். யாகூ 2001 இல் இலவசக் கணக்குகளுக்குப் பரிமாற்ற எல்லையைக் கொண்டுவந்தது. மாதத்துக்கு 3 ஜிகாபைட்டு என்பதே எல்லை. ஆனால் அது மணித்தியாலக் கணக்கில் அமுல்படுத்தப்பட்டது. 30 நாட்களில் 720 மணித்தியாலங்கள். 3000 மெகாபைட்டை 720 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 4.2 மெகாபைட்டே கிடைக்கும்.

200 கிலோபைட்டுப் பக்கம் ஒன்றை ஒரு மணித்தியாலத்தில் 21 தடவைகள் பார்த்தவுடன் பங்கு தீர்ந்துவிடும். அடுத்தவருக்குத் தளம் கிடைக்காது. மாதம் முழுவதும் எவருமே பார்க்காத தளமாயினும் அந்த ஒரு மணித்தியாலத்தில் 22 பேர் வந்தால் இதே கதிதான். சராசரிக்குப் போதுமான வளம் உச்சத்துக்குப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. ஐக்கிய அமெரிக்க ஜியோசிற்றீஸ் 2009 இல் மூடப்பட்டது. ஆனால் உச்ச நேரம் எனும் பிரச்சினை மூடப்படவில்லை.

பரிமாற்ற அளவைக் குறைப்பதற்குப் படங்களைக் கவனித்தல் வேண்டும். 4000 இற்கு 3000 படவணுக்கள் கொண்ட புகைப்படத்தில் 1 கோடியே 20 இலட்சம் படவணுக்கள் உள்ளன. அதனை 1200 இற்கு 900 ஆகச் சிறிதாக்கினால் 10 இலட்சத்து 80 ஆயிரம் படவணுக்களே எஞ்சும். ஏறத்தாழ பதினொரு மடங்கு குறைவு. கையடக்கத் தொலைபேசியின் திரையில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எச்.ரீ.எம்.எல். பக்கத்தில் அகலம், உயரம் ஆகிய பண்புகளைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது தவறு. அவ்வாறு செய்யும்போது திரையில் படம் சிறிதாகத் தோன்றும். கோப்பு முழுமையாகவே தரவிறக்கப்படும்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர்

இனி வருவதே இப்பாடத்தின் கடினமான பகுதி. நிலையான வலைப்பக்கத்தை வழங்கும்போது சேவையகம் வன்தட்டிலுள்ள கோப்பை எடுத்து அப்படியே அனுப்புகிறது. வேலை மிகக் குறைவு. வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற உள்ளடக்க முகாமைத்துவ முறைமையில் அமைந்த இயக்கநிலைத் தளத்தில் நடப்பது வேறு. ஒருவர் பக்கத்தைக் கேட்டவுடன் பீ.எச்.பீ. மொழியிலான செய்நிரல் தொடங்கும்; தரவுத்தளத்திடம் பல வினவல்களை அனுப்பும்; கிடைத்த தரவுகளைக் கொண்டு பக்கத்தைக் கட்டியெழுப்பும்; பின்னர் அனுப்பும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால் முதலிலிருந்து எல்லாம் மீண்டும் நடைபெறும்.

இவ்வாறு ஒரே வேளையில் இயங்கக்கூடிய வேண்டுகோள்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. இது நுழைவு முறைவழி எல்லை எனப்படும். சிறிய பொதிகளில் 20 என்பது சாதாரணமாகக் காணப்படும் எண். ஒரு கருவின் கணிப்பு ஆற்றல், 1 ஜிகாபைட்டு நினைவகம் என்பன அதனுடன் சேர்ந்து வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் இவை வேறுபடும்.

20 என்றவுடன் "இருபது பேர் மட்டுமா பார்க்கலாம்?" என்று அஞ்ச வேண்டாம். பக்கத்தை வாசித்துக் கொண்டிருப்பவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். சேவையகம் அவருக்காகப் பக்கத்தைத் தயாரிக்கும் கணத்தில் மட்டுமே ஓர் இடம் நிரம்பியிருக்கும். வங்கியில் 20 கருமபீடங்கள் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒருவரின் வேலை எவ்வளவு விரைவில் முடிகிறது என்பதைப் பொறுத்தே ஒரு நாளில் எத்தனை பேருக்குச் சேவை வழங்கலாம் என்பது அமையும்.

சமன்பாடு இதுதான்:

நிரம்பும் இடங்கள் = செக்கனுக்கு வரும் வேண்டுகோள்கள் × ஒரு வேண்டுகோளுக்குச் செல்லும் நேரம்

ஒரு பக்கத்தைத் தயாரிக்க 2 செக்கன் எடுத்தால், 20 இடங்களைக் கொண்டு செக்கனுக்கு 10 வேண்டுகோள்களைச் சமாளிக்கலாம். அதே பக்கம் கால் செக்கனில் தயாரானால் செக்கனுக்கு 80 வேண்டுகோள்கள். பொதி மாறவில்லை, மேலதிகமாக ஒரு ரூபாவும் செலவாகவில்லை. நேரம் எட்டில் ஒன்றாகக் குறைந்ததால் கொள்ளளவு எட்டு மடங்காகியது. இது சராசரிக் கணக்கே. வேண்டுகோள்கள் சீராக வருவதில்லை, திரளாக வரும். ஆதலால் நடைமுறையில் எல்லைக்கு மிகக் கீழேயே நின்றுகொள்வது புத்தி.

வழுச் செய்தி சொல்வதும் சொல்லாததும்

எல்லை மீறப்படும்போது எல்லா வளங்களும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. கிளவுட்லினக்ஸ் சேவையகமொன்றில் கணிப்பு ஆற்றலின் எல்லையையோ வன்தட்டு வாசிப்பு வேகத்தின் எல்லையையோ தொட்டால் வழுச் செய்தி எதுவும் வராது. தளம் மெதுவாகும், அவ்வளவே. நினைவக எல்லையைத் தாண்டினால் முறைவழி இடையில் நிறுத்தப்பட்டு 500 அல்லது 503 எனும் வழு தோன்றும். நுழைவு முறைவழிகள் நிரம்பினால் 508 தோன்றும். 508 எனும் எண்ணுக்கு நியம வரையறையில் வேறொரு பொருள் உண்டு; வள எல்லை எட்டப்பட்டது எனும் பொருளில் அதனைப் பயன்படுத்துவது ஹோஸ்டிங் துறையின் வழக்கம். பரிமாற்ற அளவு தீர்ந்தமையைக் காட்டும் 509 எந்த நியமத்திலும் இல்லாத எண்ணாகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 508 கண்ணில் படுகிறது. ஆகவே நுழைவு முறைவழி எல்லையைக் கூட்டித் தரும்படி நிறுவனத்தைக் கேட்கின்றனர். ஆனால் நடந்தது இதுவாக இருக்கலாம்: பாரமான ஒரு வினவலால் கணிப்பு ஆற்றலின் எல்லை எட்டப்பட்டது, வேகம் குறைக்கப்பட்டது, ஒவ்வொரு வேண்டுகோளும் முடிவதற்கு அதிக நேரம் எடுத்தது, முடியாத வேண்டுகோள்கள் இடங்களைப் பிடித்துக்கொண்டன, புதியவர்களுக்கு இடமில்லை, 508. வழுச் செய்தி கடைசிக் கண்ணியை மாத்திரமே காட்டுகிறது. முதற் கண்ணி வேறிடத்தில் உள்ளது. இடங்களை 40 ஆக்கினால் மெதுவாக நகரும் 40 வேண்டுகோள்கள் கிடைக்கும், சிக்கல் தீராது.

சீபனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகங்களில் வளப் பாவனை வரைபுகள் இருக்கும். எந்தக் கோடு முதலில் எல்லையைத் தொட்டது, எத்தனை மணிக்குத் தொட்டது என்று அங்கே பார்க்கலாம். அந்த நேரத்துக்குரிய வருகைப் பதிவுக் கோப்பை அடுத்துத் திறந்து, எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, யார் கேட்டார் என்று நோக்குதல் வேண்டும். மருத்துவர் காய்ச்சலைக் கண்டவுடன் மருந்து எழுதாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதைப் போன்றதே இது.

வேலையைக் குறைத்தல்

அதிக பயன் தரும் பரிகாரம் பதுக்கல் ஆகும். கணினியின் பதுக்கு நினைவகத்தைப் பற்றி வன்பொருள் அலகில் படித்தீர்கள். அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தல் எனும் அதே கருத்துத்தான் இங்கும். ஒருமுறை தயாரித்த பக்கத்தை நிலையான கோப்பாகச் சேமித்து, அடுத்து வரும் ஆயிரம் பேருக்கும் அந்தக் கோப்பையே வழங்குதல். பீ.எச்.பீ. செய்நிரல் தொடங்குவதில்லை, தரவுத்தளம் தொந்தரவு செய்யப்படுவதில்லை. வேர்ட்பிரஸ் தளங்களில் இதற்கான செருகிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வேறுவேறாகத் தோன்ற வேண்டிய பக்கங்களுக்கு, உதாரணமாகக் கடவுச்சொல் இட்டு நுழைந்த பின் வரும் பக்கங்களுக்கு, இம்முறை பொருந்தாது. ஒருவரின் விபரத்தை மற்றவருக்குக் காட்டிவிடும் ஆபத்து உண்டு.

வலை மேலோடியிலும் பதுக்கல் நடைபெறும். பாடசாலை இலச்சினையை ஒருமுறை தரவிறக்கிய மேலோடி, அது மாறிவிட்டதா என்று மாத்திரம் அடுத்த முறை கேட்கும். மாறவில்லையெனின் சேவையகம் 304 எனும் குறியீட்டை மட்டும் அனுப்பும். படம் மீண்டும் பயணம் செய்யாது.

தரவுத்தளத்திலும் நேரத்தை மீதப்படுத்தலாம். 5000 பதிவுகள் கொண்ட அட்டவணையில் சுட்டி இல்லாத புலமொன்றில் தேடினால், தேடுவது கிடைக்கும் வரை பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிவரும். சுட்டி இருந்தால் ஒவ்வொரு படியிலும் குறைந்தது பாதிப் பகுதி ஒதுக்கப்படும். 2 இன் 13 ஆம் வலு 8192 ஆதலால் 13 ஒப்பீடுகளுக்குள் பதிவு அகப்படும். முதன்மைச் சாவிக்குத் தரவுத்தள முகாமைத்துவ முறைமை தானாகவே சுட்டி அமைத்துவிடும். மற்றைய புலங்களுக்கு நாம் கேட்டாலே அமைக்கும்.

நினைவகம் பற்றி ஒரு விடயம். 4 மெகாபைட்டுப் புகைப்படத்தை ஏற்றும்போது நினைவகம் போதவில்லை என்று ஏன் வழு வருகிறது? ஜேபெக் கோப்பு நெருக்கப்பட்டது. அதனைச் சிறிதாக்குவதற்குச் செய்நிரல் முதலில் அதனை விரிக்க வேண்டும். விரித்த நிலையில் படவணு ஒன்றுக்கு 4 பைட்டு எனக் கொண்டால், 4000 இற்கு 3000 படத்துக்கு 4 கோடியே 80 இலட்சம் பைட்டு தேவை. தற்போதைய தொலைபேசிகள் சில எடுக்கும் 8000 இற்கு 6000 படமெனில் 19 கோடியே 20 இலட்சம் பைட்டு. பீ.எச்.பீ. செய்நிரலுக்கு இயல்பாக வழங்கப்படும் நினைவக எல்லை 128 மெகாபைட்டே. படத்தை ஏற்றுவதற்கு முன்னர் நமது கணினியிலேயே சிறிதாக்கிக் கொண்டால் பிரச்சினை எழாது.

மனிதரல்லாத வருகையாளர்

வருகைப் பதிவுக் கோப்பைத் திறந்து பார்ப்போர் முதலில் வியப்பது, வந்தவர்களில் கணிசமானோர் மனிதரல்லர் என்பதையே. கூகிள் போன்ற தேடற்பொறிகளின் தானியங்கிகள் பக்கங்களைத் திரட்டிச் செல்லும். இவை நமக்கு வேண்டியவை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கிகளும் இப்பொழுது வருகின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது ஜீ.பீ.ரீ.பொட் எனும் தானியங்கியை 2023 இல் அறிவித்தது. கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கிகள் வேறு. வேர்ட்பிரஸ் உட்புகு பக்கத்தை இவை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டலும் ஒரு நுழைவு முறைவழி.

தளத்தின் மூலக் கோப்புறையில் ரோபோட்ஸ் எனும் பெயருடைய உரைக் கோப்பை வைத்து, எப்பகுதிக்குள் வரவேண்டாம் என்று தானியங்கிகளுக்கு அறிவிக்கலாம். 1994 இல் தோன்றிய இவ்வழக்கம் 2022 இல்தான் முறையான நியம ஆவணமாகியது. ஆயினும் அது ஓர் அறிவித்தற் பலகையே, பூட்டு அன்று. நல்லவை மதிக்கும், தீயவை மதியா. உட்புகு முயற்சிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் செருகியோ, கிளவுட்பிளேயர் போன்ற இடைநிலைச் சேவையோ பூட்டின் வேலையைச் செய்யும். கிளவுட்பிளேயர் படங்களையும் பாணிக் கோப்புகளையும் தானாகவே பதுக்கிவைக்கும், எச்.ரீ.எம்.எல். பக்கங்களைப் பதுக்க வேண்டுமெனின் நாம் தனியே பணிக்க வேண்டும். இதை அறியாமல் சேர்த்துவிட்டு, 508 இன்னும் வருகிறதே என்று மயங்குவோர் பலர்.

இவையனைத்தையும் செய்த பின்னரும் எல்லை எட்டப்படுமெனின், தளம் உண்மையிலேயே வளர்ந்துவிட்டது. உயர்ந்த பொதியோ, மெய்நிகர்த் தனிச் சேவையகமோ தேவை. பின்னையதில் பங்கு உறுதியானது; ஆனால் பணிசெயல் முறைமையை இற்றைப்படுத்தல், பாதுகாத்தல் என்பன பெரும்பாலும் வாங்குபவரின் பொறுப்பாகும். அதற்கு ஆளில்லாத பாடசாலை அவசரப்பட்டு மாறுவது நல்லதன்று.

மாதிரி வினா

பாடசாலையொன்றின் இயக்கநிலை வலைத்தளத்துக்கு மாதாந்தம் 10 ஜிகாபைட்டு தரவுப் பரிமாற்றமும் 20 நுழைவு முறைவழிகளும் வழங்கப்பட்டுள்ளன. முகப்புப் பக்கத்தின் அளவு 2 மெகாபைட்டு. நாளொன்றுக்கு 300 பார்வைகள் கிடைக்கின்றன.

(அ) 30 நாட்களில் எல்லை மீறப்படுமா?
(ஆ) பக்கம் 400 கிலோபைட்டாகக் குறைக்கப்பட்டால் நிலைமை யாது?
(இ) விடுமுறை அறிவித்தல் வெளியான இரவில் செக்கனுக்கு 10 வேண்டுகோள்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 3 செக்கன் செல்கிறது. என்ன நிகழும்?
(ஈ) "படங்களை மேலும் சிறிதாக்கினால் 508 வழு நீங்கும்" என்கிறான் ஒரு மாணவன். நீர் உடன்படுகிறீரா?

விடை

(அ) 2 × 300 × 30 = 18 000 மெகாபைட்டு. 1024 ஆல் வகுக்க ஏறத்தாழ 17.6 ஜிகாபைட்டு. எல்லை மீறப்படும். நாளொன்றுக்கு 600 மெகாபைட்டு செலவாவதால், 10 ஜிகாபைட்டு 18 ஆம் நாளில் தீர்ந்துவிடும். இந்த நாளையும் கணித்துக் காட்டுதல் விடைக்கு வலுச் சேர்க்கும்.

(ஆ) 400 × 9000 = 3 600 000 கிலோபைட்டு; ஏறத்தாழ 3.4 ஜிகாபைட்டு. எல்லைக்குள் அடங்கும்.

(இ) 10 × 3 = 30 இடங்கள் தேவை. இருப்பவை 20. செக்கனுக்கு 6 அல்லது 7 வேண்டுகோள்களே நிறைவேறும். எஞ்சியோருக்கு 508 தோன்றும். அவர்களுட் பலர் பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க முயல்வதால் வேண்டுகோள்கள் இன்னும் பெருகும் என்பதையும் குறிப்பிடலாம்.

(ஈ) உடன்படவில்லை. படங்கள் நிலையான கோப்புகள், அவை பீ.எச்.பீ. முறைவழியைத் தொடக்குவதில்லை, ஆதலால் நுழைவு முறைவழிக் கணக்கில் சேர்வதில்லை. படங்களைச் சிறிதாக்குவது (ஆ) இற்குரிய பரிகாரம். இங்கு குறைக்க வேண்டியது 3 செக்கன் எனும் நேரத்தையாகும். பதுக்கல் மூலம் அது 0.5 செக்கனானால் 10 × 0.5 = 5 இடங்களே நிரம்பும். அன்றிரவு மாத்திரம் முகப்புப் பக்கத்தை அகற்றி, அறிவித்தலை மட்டும் கொண்ட சில கிலோபைட்டு எச்.ரீ.எம்.எல். கோப்பொன்றை அதனிடத்தில் வைப்பின், அப்பக்கத்துக்காக ஓர் இடமும் நிரம்பாது.